வண்டி நின்ற பிறகு

சேசு மரி சூசை துணை

கல்கத்தா
12 ஜனவரி 1957

அன்புள்ள அப்பாவுக்கும் அக்காவுக்கும் பிலோமின்ராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். அப்பாவின் இருமல் தணிந்ததா? ராத்திரியில் மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறதா? கண் டாக்டரிடம் மறுபடி போனீர்களா? ஒன்றுவிடாமல் பதில் எழுதவும். மேல்துண்டு இல்லாமல் காலையில் வெளியே போகவேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லவும். கேட்கமாட்டார், ஆனாலும் சொல்லவும்.

"உனக்கு மேல இன்னும் எத்தனை பேருடா நிக்கிறாங்க?" என்று அப்பா கேட்டிருந்தார். அப்பா எஞ்சின் ஓட்டிய ரயில்வேயைப் போல இதற்கு நேரான பதில் கிடையாது. நான் முதலில் சேர்ந்தது சின்ன விமானக் கம்பெனி. அது அப்படியே இருந்திருந்தால் போன வருஷமே நான் காப்டன். சர்க்கார் எல்லாக் கம்பெனிகளையும் எடுத்து ஒன்றாக்கியபோது எல்லாரையும் ஒரே வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எனக்கு முன்னால் திடீரென்று தெரியாத முதுகுகள். யார் முதலில் சேர்ந்தவர், யார் அதிக நேரம் பறந்தவர் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

ஆனால் இந்த வருஷம் நிலைமை மாறும். வைக்கவுண்ட் என்று புதிய விமானம் வருகிறது. அப்பாவுக்குப் புரியும்படி சொன்னால், மெயிலுக்குப் புது எஞ்சின். பெரிய டிரைவர்கள் எல்லாம் அதற்குப் போவார்கள். அவர்கள் விட்டுப்போகும் பழைய டகோட்டாவுக்கு என்னைப் போன்ற பயர்மேன்களிலிருந்து, அதாவது துணை விமானிகளிலிருந்து, ஆள் எடுப்பார்கள். டகோட்டாவில் இடது நாற்காலி காப்டனுக்கு, வலது நாற்காலி எனக்கு. நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அதைத் தாண்ட ஏழு வருஷம் ஆகிறது.

மார்ச் மாதம் எனக்குப் பரீட்சை வைப்பதாகச் சீஃப் பைலட் சொல்லியிருக்கிறார். என்னை இடது நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் அவர் உட்கார்ந்துகொண்டு, பறக்கும்போதே ஓர் எஞ்சினை நிறுத்திவிடுவார். நான் என்ன செய்கிறேன் என்று பார்ப்பார். சரியாகச் செய்தால் கையெழுத்துப் போட்டு, தோளில் நாலாவது பட்டை தருவார்கள்.

போன லீவில் நான் கிளம்பும்போது, "பயர்மேனா வந்து தின்னுட்டுப் போனது போதும். அடுத்த தடவ டிரைவரா வா" என்று அப்பா சொன்னது நினைவிருக்கிறது. அப்படியே வருகிறேன். அதற்கு முன் வருவதாக இல்லை.

தங்கள் அன்புள்ள,
பிலோமின்ராஜ்

*

சேசு மரி சூசை துணை

பொன்மலைப்பட்டி, திருச்சி
3 பிப்ரவரி 1957

அன்புள்ள தம்பி பிலோமினுக்கு அக்கா செல்வமேரியின் ஆசீர்வாதம். இங்கு நலம், உன் நலம் அறிய ஆவல்.

உன் கடிதத்தை அப்பாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். கண்ணில் புரை இன்னும் முற்றவில்லையாம், டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். ஆகவே வழக்கம்போல அவர் வாய், என் கை. சொன்னபடியே எழுதுகிறேன். ஒரு வார்த்தையைத் திருத்தினாலும், "நீ என்னமோ இலக்கணமா எழுதற" என்று கண்டுபிடித்துவிடுகிறார்.

"டேய் பிலோமின், கிளீனரா சேர்ந்த எனக்கு மெயில் வண்டியத் தொட ரிட்டயர் ஆகற வயசு ஆயிடுச்சு. அந்தக் காலத்துல மெயில் எஞ்சின்ல ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரங்கதான் ஏறுவாங்க. நாங்க கீழ நின்னு துடைச்சுக் குடுப்போம். உனக்கு ஏழு வருஷந்தானே. பறக்காத. ஒரு எஞ்சின நிறுத்திப் பாக்கறாங்கன்னு எழுதியிருக்க. நல்ல பரீட்சைதான். எங்களுக்கு நிறுத்திப் பாக்க இன்னொரு எஞ்சின் கெடையாது.

வேலைல இருக்கறப்ப வீட்ட நெனைக்காத. உங்கம்மா செத்த அன்னிக்கு நான் விழுப்புரத்துல இருந்தேன். ஷெட்டுல அத்தனை பேருக்கும் தெரியும், ஒருத்தன் வாயத் தொறக்கல. பாசஞ்சரத் திருச்சிக்குக் கொண்டாந்து, எஞ்சின ஷெட்டுல விட்டு, கையெழுத்துப் போட்ட பிறகுதான் போர்மேன் என் தோள்ல கைய வெச்சாரு. அதுதான் முறை. பின்னால அத்தனை சனம் தூங்கிட்டு வருது."

இவ்வளவும் அப்பா. இனி நான். அந்த முறையை அவர் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வேறொன்று நினைவுக்கு வரும். அவர் வண்டி வந்து சேரும்வரை அம்மா பக்கத்தில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கைக்குழந்தை பேட்ரிசியா பாலுக்கு அழுதாள். முறையைப் பற்றி எங்களை யாரும் கேட்கவில்லை. போகட்டும்.

இருமல் சற்று அதிகம்தான். அழகிரி அண்ணன் ஸ்ரீரங்கத்திலிருந்து துளசியும் மிளகும் கொண்டுவந்து கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவிடம் பயர்மேனாக இருந்தவர் இன்று கூட்ஸ் டிரைவர். ஆனாலும் நம் வீட்டில் நாற்காலியில் உட்காரமாட்டேன் என்கிறார்.

பரீட்சைக்கு வேண்டிக்கொள்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு, அக்கா

*

சேசு மரி சூசை துணை

பொன்மலைப்பட்டி
10 மார்ச் 1957

அன்புள்ள தங்கை பேட்ரிசியாவுக்கு அக்கா எழுதிக்கொண்டது.

நீ ஈரோடு போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகம் என்றறிந்து ஆறுதல். அப்பாவை அடக்கம் செய்த மண் இறுகிவிட்டது. சிலுவைக்குச் சொல்லியிருக்கிறேன்.

தம்பிக்கு எழுதிவிட்டேனா என்று கேட்டிருக்கிறாய். இல்லை. ரயில்வே ஆஸ்பத்திரியில் கடைசி நாள் நீ வந்து சேரும் முன்னால் அப்பா என்னிடம் சொன்னதை உனக்கு அன்றைக்குச் சொல்ல வாய்க்கவில்லை. "அவனுக்கு எழுதிடாத. பரீட்சை முடியட்டும். வண்டி நின்ன பிறகு சொல்லு. கையெழுத்துப் போட்டுட்டானான்னு கேட்டுட்டுச் சொல்லு" என்றார். அப்புறம் தண்ணீர் கேட்டார். அவ்வளவுதான்.

இந்த மாதம்தானே பரீட்சை. முடிந்ததும் எழுதிவிடுவேன். அதுவரை நீயும் எழுதாதே. சாகும்போது கேட்டுக்கொண்டதை என்னால் மீற முடியாது.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டாய். அழுகை வரவில்லை. பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போகிறேன், வருகிறேன். தவக்காலத்துச் சிலுவைப்பாதைக்குப் போகிறேன், வருகிறேன். நேற்றுச் சாயங்காலம் வழக்கம்போலப் பேப்பரைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கிவிட்டேன். பாதியில்தான் கேட்க ஆள் இல்லை என்பது உறைத்தது. நிறுத்தத் தோன்றவில்லை. கடைசிவரை வாசித்து மடித்துவைத்தேன்.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள்.

அக்கா

*

கல்கத்தா
27 மார்ச் 1957

அன்புள்ள அக்காவுக்குப் பிலோமின்ராஜ் எழுதிக்கொண்டது. நான் சுகம். நீங்களும் சுகம் என நம்புகிறேன்.

கடிதம் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

பரீட்சை நடக்கவில்லை. வரிசை சரியில்லை என்று வேறு கம்பெனியிலிருந்து வந்த சிலர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். தீர்ப்பு வரும்வரை யாரையும் இடது நாற்காலியில் உட்காரவைக்கக்கூடாது என்று உத்தரவு. எவ்வளவு நாள் ஆகும் என்று தெரியாது. எனக்குக் குறித்த நாளுக்கு நாலு நாள் இருக்கும்போது சொன்னார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

என்னோடு தங்கியிருக்கும் தத்தாவும் என்னைப் போலத் துணை விமானிதான். ஜனவரியில் அவன் அம்மா இறந்துவிட்டாள். ஊருக்குப் போய்வந்தான். துக்கத்தில் இருப்பவன் கையில் விமானத்தைக் கொடுப்பதில்லை என்பது எங்கள் சீஃப் பைலட்டின் வழக்கம். திரும்பி வந்தவனை ஒரு மாதம் தரையில் உட்காரவைத்துவிட்டார். அவன் முறை அடுத்தவனுக்குப் போயிற்று. இப்போது பரீட்சையே நின்றுவிட்டதால் தத்தா போனதும் ஒன்றுதான், போகாமல் இருந்திருந்தாலும் ஒன்றுதான். ஆனால் அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டான்.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

பிலோமின்ராஜ்

*

சேசு மரி சூசை துணை

பொன்மலைப்பட்டி
25 ஏப்ரல் 1957

அன்புள்ள தம்பிக்கு அக்காவின் பாஸ்கா வாழ்த்து. இங்கு அப்பாவும் நானும் நலம்.

பரீட்சை தள்ளிப்போனதற்கு மனம் தளராதே. தத்தாவைப் பற்றி எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பாவம் அந்தப் பையன். துக்கத்தை எழுதி அனுப்பிய வீட்டார் ஒரு மாதம் பொறுத்திருக்கலாம் என்று தோன்றியது. சொல்வதற்கும் காலம் பார்க்க வேண்டும் அல்லவா?

ஆண்டவர் உயிர்த்த பாஸ்காவுக்குப் பேட்ரிசியா குழந்தைகளோடு வந்திருந்தாள். ராத்திரிப் பூசையில் சின்னவன் மெழுகுவர்த்தியால் முன்னால் இருந்த அம்மாளின் முக்காட்டைக் கொளுத்தப் பார்த்தான். கோயிலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"கேசு முடிஞ்சுதான்னு கேளு" என்று அப்பா சொல்லச் சொன்னார். இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. அதனால் நீளமாக எழுத ஒன்றுமில்லை.

தீர்ப்பு வந்ததும் ஒரு வரி எழுது. பரீட்சை முடிந்ததும் உடனே தந்தி கொடு. உடனே என்பதை மறக்காதே.

அக்கா

*

கல்கத்தா
18 ஆகஸ்டு 1957

அன்புள்ள அக்காவுக்கு. நான் சுகம். நீங்கள் சுகமா? உங்கள் மூன்று கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். எழுத உட்கார்வேன், எழுந்துவிடுவேன்.

அசாமில் மழை. தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மேகத்துக்குள் போகிறோம், மேகத்துக்குள்ளிருந்து வருகிறோம். காப்டன் ஓட்டுகிறார். நான் சக்கரத்தை மேலே தூக்குகிறேன், கீழே இறக்குகிறேன், ரேடியோவில் பேசுகிறேன். அறைக்கு வந்தால் தூக்கம் வருகிறது. எழுந்தால் மறுபடி தூக்கம் வருகிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையாகக் கேசு முடிந்தது. எனக்கு முன்னால் இன்னும் மூன்று பேரைச் செருகிவிட்டார்கள். என் முறை வருஷக் கடைசியில் வரலாம், அடுத்த வருஷத் தொடக்கத்திலும் வரலாம். முன்பு இதற்கெல்லாம் கோபம் வரும்.

ஜூனில் ஒரு விமானத்தைக் கொழும்புக்குக் கொண்டுபோனோம். சென்னையிலிருந்து நேராகத் திருச்சி மேலே வந்தோம். இறங்கவில்லை. திருவானைக்காவல் காலுக்குக் கீழே போயிற்று. என் பக்கத்து ஜன்னலில் ஸ்ரீரங்கம் முழுவதும் தெரிந்தது. மொட்டைக் கோபுரம், மதில்கள், தென்னை. தூரத்தில் முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிவது தெரிந்தது. தண்ணீர் அதிகம் இல்லை, மணல்தான். பொன்மலை இடது பக்கம். அது காப்டனின் ஜன்னல். "ஏதோ பெரிய ரயில்வே ஒர்க்‌ஷாப் போலிருக்கிறதே, உன் ஊரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து குனிந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

பிலோமின்ராஜ்

*

சேசு மரி சூசை துணை

பொன்மலைப்பட்டி
15 செப்டம்பர் 1957

அன்புள்ள பேட்ரிசியாவுக்கு அக்கா. உன் வீட்டில் எல்லாரும் சுகம்தானே. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

நேற்று அழகிரி அண்ணன் வந்திருந்தார். நான் போட்டுக் கொடுத்த காப்பியை நின்றுகொண்டே குடித்தார். போகிற நேரத்தில், "கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேம்மா. தம்பி ஏன் வரலை?" என்றார்.

"அவனுக்கு இன்னும் தெரியாதுண்ணே. அப்பா சொல்லவேணாம்னுட்டாங்க."

"தெரியாதா? நான்தான் அன்னிக்கே தந்தி குடுத்தேனே."

அவரே சொன்னார். "நீங்க அழுதுட்டு இருப்பீங்க, யாரு தபாலாபீசுக்கு ஓடப் போறான்னு நெனைச்சேன். ஆஸ்பத்திரிலேருந்து நேரா வீட்டுக்குப் போயி, ஸ்ரீரங்கம் தபாலாபீசுலேருந்து விமான ஆபீசுக்கே தந்தி அடிச்சேன். பறந்துட்டு இருந்தாலும் ராத்திரிக்கு எறங்கிடுமே. எறங்கின பிறகு குடுப்பாங்க, ஷெட்டு முறைக்கும் பங்கம் இல்லைன்னு நெனைச்சேம்மா. தப்பா?"

தப்பில்லை என்றேன். அவர் போன பிறகு தம்பியின் கடிதங்களை எடுத்துவைத்துக்கொண்டேன். ஜனவரிக் கடிதம் அப்பாவுக்கும் எனக்கும் எழுதியது. இருமல், மூச்சு, கண், மேல்துண்டு என்று எல்லாம் கேட்டிருக்கிறான். மார்ச் கடிதம் எனக்கு மட்டும். ஆகஸ்டுக் கடிதமும் அப்படியே. அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு இடத்தில்கூடக் கேட்கவில்லை பேட்ரிசியா. அப்பாவும் நானும் நலம் என்று நான் எழுதியனுப்பியதையெல்லாம் படித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறான்.

அந்தத் தத்தாவின் கதையை எனக்கு ஏன் எழுதினான் என்று இப்போது புரிகிறது. ஊருக்கு வந்தால் ஒரு மாதம் உட்காரவைத்துவிடுவார்கள், முறை போய்விடும். அதற்காக வரவில்லை. கடைசியில் முறையும் வரவில்லை.

அக்கா

*

ஈரோடு
22 செப்டம்பர் 1957

அன்புள்ள அக்காவுக்குப் பேட்ரிசியா வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே சின்னவனுக்கு ஜுரம், மற்றபடி சுகம்.

உங்கள் கடிதத்தை இவரிடம் காட்டவில்லை. காட்டினால் மச்சான்முறை எல்லாம் அறுந்துபோகும். அக்கா, நீங்கள் எதற்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்? நேராக எழுதிக் கேளுங்கள். பெற்ற தகப்பன் பெட்டிக்குள் இருக்கும்போது எந்த நாற்காலிக்காகடா உட்கார்ந்திருந்தாய் என்று கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் நான் கேட்கிறேன். அண்ணன் என்று பார்க்கமாட்டேன்.

ஒருவேளை தந்தி போய்ச் சேராமல் இருந்திருக்கலாம் என்றும் நினைத்துப் பார்த்தேன். இவர்கூட ஸ்டேஷனில் எத்தனையோ தந்தி தவறிப்போவதைப் பற்றிச் சொல்வார். ஆனால் இதற்கு முன் அப்பாவை விசாரிக்காமல் அண்ணன் ஒரு கடிதமும் எழுதியதில்லை. அதற்கு என்ன சொல்வது?

நீங்கள் இவ்வளவு அமைதியாக எழுதியிருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நாலு நாள் இங்கே வந்து இருங்கள்.

பேட்ரிசியா

*

சேசு மரி சூசை துணை

பொன்மலைப்பட்டி
4 நவம்பர் 1957

அன்புள்ள தம்பிக்கு அக்கா. நான் நலம். நீ நலமா?

சனிக்கிழமை கல்லறைத் திருநாள். அழகம்மாளும் நானும் பூ வாங்கிக்கொண்டு போனோம். அழகம்மாள் என் பள்ளிக்கூடத்து ஆயா, இப்போது ராத்திரித் துணைக்கு என் வீட்டில்தான் படுத்துக்கொள்கிறாள். மழை தூறிக்கொண்டே இருந்ததால் மெழுகுவர்த்திகள் நிற்கவில்லை. அணைய அணைய ஏற்றினோம். சாமியார் தண்ணீர் மந்திரித்துத் தெளித்துக்கொண்டு வந்தார், ஏற்கனவே நனைந்திருந்தவற்றின் மேலேயே.

பேட்ரிசியா உனக்கு ஏதாவது எழுதினாளா? எழுதியிருந்தால் அதைப் பெரிதுபடுத்தாதே. எழுதவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இந்த வருஷம் தீபாவளிக்கு அக்கம்பக்கத்தில் பலகாரம் கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ளவில்லை. கிறிஸ்துமசுக்கும் ஒன்றும் செய்வதாக இல்லை.

உன் முறை வந்ததும் எழுது.

அக்கா

*

சென்னை
10 பிப்ரவரி 1958

அன்புள்ள அக்காவுக்குப் பிலோமின்ராஜ் வணக்கம். நான் சுகம். உங்கள் நவம்பர்க் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். பேட்ரிசியா எனக்கு ஒன்றும் எழுதவில்லை.

நான் காப்டன் ஆகிவிட்டேன். ஜனவரிக் கடைசியில் பரீட்சை நடந்தது. தரையை விட்டு எழும்பிக் கொஞ்ச தூரம் போனதும் சீஃப் பைலட் இடது எஞ்சினை நிறுத்தினார். விமானம் ஒரு பக்கமாக இழுத்தது. காலும் கையும் தாமாகவே செய்யவேண்டியதைச் செய்தன. நான் யாரோ செய்வதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியதும், "இவ்வளவு நிதானமான ஆளை நான் பார்த்ததில்லை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அது நிதானம் இல்லை அக்கா. ஒரு வருஷமாக எனக்கு எதுவுமே உள்ளே போய்ச் சேர்வதில்லை.

தத்தா எனக்கு இரண்டு நாள் முன்னால் காப்டன் ஆனான். தள்ளிப்போன முறை அவனுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

என்னைச் சென்னைக்கு மாற்றியிருக்கிறார்கள். மார்ச் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, மத்தியானம் திருச்சியில் இறங்குகிறேன். மறுநாள் காலையில்தான் திரும்ப வேண்டும். நீங்கள் விமான நிலையத்துக்கு வரமுடியுமா?

டிரைவராகத்தான் வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லவும்.

பிலோமின்ராஜ்

*

சேசு மரி சூசை துணை

பொன்மலைப்பட்டி
20 பிப்ரவரி 1958

அன்புள்ள தம்பி பிலோமின்ராஜுக்கு அக்கா செல்வமேரி எழுதிக்கொண்டது.

காப்டன் ஆன செய்தி படித்தேன். சந்தோஷம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு உன் கடிதத்தில் அப்பா என்ற சொல் வந்திருக்கிறது. அதையும் படித்தேன்.

கையெழுத்து ஆகிவிட்டது. இனிச் சொல்லலாம். இந்தக் கடிதத்தின் மூலையில் கறுப்பு மை தடவியிருப்பதைப் பார்த்திருப்பாய். நம் அப்பா அடைக்கலராஜ் சென்ற வருஷம் பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, ரயில்வே ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். சாமியார் வந்து எண்ணெய் பூசி அவஸ்தைபூசுதல் கொடுத்தார். நல்ல மரணம். உன் வேலை முடியும்வரை சொல்லவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் நான் சொல்லவில்லை. அவர் நலம் என்று நான் எழுதியதெல்லாம் பொய்.

நேற்று வருஷப் பூசை. அழகிரி அண்ணன் ஸ்ரீரங்கத்திலிருந்து காலையிலேயே வந்து கோயில் வாசலில் நின்றிருந்தார். அவர் கோயிலுக்குள் வருவதில்லை, வாசலோடு சரி. "தம்பிக்கு என்னம்மா குறை வெச்சாரு எங்க டிரைவரு? வரவே இல்லையே" என்று மறுபடியும் கேட்டார். அன்று அவர் உனக்கு அடித்த தந்தி உன் கைக்கு வந்து சேரவே இல்லை என்று சொன்னேன். விமான ஆபீசில் யாரோ தவறவிட்டுவிட்டார்கள், நீ விசாரித்து எழுதியிருக்கிறாய் என்றேன். "அதான பாத்தேன். பெத்த அப்பனுக்கு வராம இருப்பானா?" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு வருஷமாக அந்த மனுஷனுக்கு அது உறுத்திக்கொண்டிருந்திருக்கிறது. கோயில் வாசலில் பொய் சொல்லிவிட்டு உள்ளே போனதால் அப்பாவின் வருஷப் பூசையில் நான் நற்கருணை வாங்கவில்லை.

பேட்ரிசியாவுக்கும் அப்படியே எழுதியிருக்கிறேன். அவள் நம்பமாட்டாள், ஆனால் எனக்காகப் பேசாமல் இருப்பாள். ஆகவே நீயும் அதையே சொல். தந்தி வரவில்லை, அக்கா எழுதவில்லை, இன்றைக்குத்தான் உனக்குத் தெரியும். என்னிடம் வேறொன்றும் எழுதாதே. நீ எழுதினால் நான் அதற்கு ஒரு பதில் எழுத வேண்டியிருக்கும். என்னிடம் பதில் இல்லை. முதலில் உன் மேல் கோபமாக இருந்தேன், கல்லறைத் திருநாள் வரை இருந்தேன். பிறகு அதுவும் போய்விட்டது. அதன் இடத்தில் இன்னும் ஒன்றும் வரவில்லை.

மூன்றாம் தேதி நான் விமான நிலையத்துக்கு வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் கல்லறைத் தோட்டத்து வாசலில் வந்து நிற்கிறேன். காவல்காரர் காத்தான் பொழுது சாய்ந்ததும் கேட்டைப் பூட்டிவிடுவார். அதற்குள் வந்துவிடு. அம்மாவுக்கு அடுத்த குழி, வேப்பமரத்தடியில்.

ஓட்டலில் இறங்கி உடுப்பை மாற்றிக்கொண்டு வராதே. பட்டையோடு வா. அவர் டிரைவராகத்தான் வரச் சொன்னார்.

இப்படிக்கு,
அக்கா